டவல் கம்பியை நம்பாதீங்க!

என் மாமியாருக்கு 68 வயது. பக்கவாதம் வந்ததில் இடது கையும் காலும் சரியாக வராது. ஆனால், ரோஷத்துக்குக் குறைச்சல் இல்லை. 'நானே குளிச்சுக்கறேன், நீ வெளியே நில்லு' என்பார். நானும் விட்டு விடுவேன்.

ஒரு வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளித்தவர், எழுந்திருக்க டவல் கம்பியைப் பிடித்திருக்கிறார். அது சுவரிலிருந்து பிடுங்கிக் கொண்டு வர, தரையில் விழுந்து விட்டார். உள்ளே தாழ்ப்பாள் வேறு! என் கணவர் கதவை உடைத்துத்தான் தூக்கினார். நல்லவேளை, எலும்பு முறியவில்லை. ஆனால், 'பெத்த பிள்ளை என்னை அந்தக் கோலத்துல பார்த்துட்டானே' என்று மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அடியைவிட அதுதான் அவருக்கு வலித்தது.

அதன்பின், பயிற்சி கொடுக்க வந்த பிசியோதெரபி பெண்ணிடம் கேட்டுக் கேட்டு எல்லாவற்றையும் மாற்றினோம். தாழ்ப்பாளைக் கழற்றித் திரை போட்டாச்சு. அவருடைய வலது கைக்கு எட்டும்படி, செங்கல் சுவரில் ஸ்குரூ போட்டு ஸ்டீல் கைப்பிடி. சாதாரண பிளாஸ்டிக் சேர் ஈரத்தில் கால் விரிந்து வழுக்குகிறது. சர்ஜிகல் கடையில் ரப்பர் புஷ் வைத்த அலுமினிய நாற்காலி வாங்கினோம். வாளியில் முதலில் பச்சைத் தண்ணீர், பிறகுதான் வெந்நீர். சூட்டை வலது கையால்தான் பார்க்கச் சொல்வேன். இடது கையில் அவருக்கு உணர்ச்சி குறைவு. எண்ணெய் தலைக்கு மட்டும், காலுக்குக் கிடையாது. இடது கையைப் பிடித்து இழுக்கவே கூடாதாம், தோள்பட்டை நழுவி விடுமாம். ரவிக்கை போடும்போது முதலில் வராத கை, கழற்றும்போது முதலில் நல்ல கை. இது தெரியாமல் எத்தனை நாள் இரண்டு பேரும் மல்லுக்கட்டியிருக்கிறோம்!

மேலே ஒரு பழைய வேட்டியைப் போர்த்தி விடுவேன். முகம், மார்பு எல்லாம் அவரே தேய்த்துக் கொள்வார். முதுகும் காலும்தான் என் வேலை. விரல் இடுக்கில் ஈரம் போகத் துடைத்து விடுவேன்.

போன மாதம் வந்த நாத்தனார், 'எதுக்கு அண்ணி இவ்வளவு பாடு? படுக்கையிலேயே துணியால துடைச்சு விட்டுட வேண்டியதுதானே?' என்றார். நான் வாயைத் திறப்பதற்குள், 'உன்னை அப்படித் துடைச்சா நீ சும்மா இருப்பியாடி?' என்று உள்ளிருந்து குரல் வந்தது. அப்புறம், 'தண்ணி ஆறிப் போகுது, வாம்மா' என்று என்னைக் கூப்பிட்டார்.

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கும்பகோணம்.