விடிவெள்ளியில் 23 நிமிடங்கள்

வைகறைத் தொழுகைக்கு எழுந்து முற்றத்துக்கு வந்த வேளையில், கீழ்வானில் வெண்சுடராய் ஒளிரும் விடிவெள்ளியைக் கண்டிருப்பீர்கள். சில மாதங்கள் அதிகாலையிலும், சில மாதங்கள் மஃரிபுக்குப் பின் மேற்கிலும் தோன்றும் அது விண்மீன் அன்று. வெள்ளி என்னும் கோள். பருமனில் ஏறக்குறைய நம் பூமியை ஒத்தது. ஆதலால் பூமியின் உடன்பிறப்பு என்றே அதனை அழைத்து வந்தனர். இடையறாத மேகப் போர்வைக்குள் முகம் மறைத்திருந்த அவ்வுலகில் கடல்கள் இருக்கலாம், சதுப்புக் காடுகள் செழித்திருக்கலாம் என்றெல்லாம் எண்ணியோர் உண்டு.

அப்போர்வைக்குள் நுழைந்து பார்க்க, சோவியத் நாடு வெனேரா என்னும் ஆளில்லாக் கலங்களை அனுப்பலாயிற்று. ரஷ்ய மொழியில் வெள்ளியின் பெயரே வெனேரா. 1966 மார்ச் 1 அன்று வெனேரா 3 அக்கோளில் விழுந்தது. வேறொரு கோளை எட்டிய முதல் மனிதப் படைப்பு அதுவே. எனினும் போய்ச் சேருமுன்னரே அதனுடன் தொடர்பு அறுந்துவிட்டமையால், ஒரு சேதியும் கிட்டவில்லை. அதனை உருவாக்கிய செர்கெய் கொரொல்யோவ், அந்நாளைக் காணாமலே அவ்வாண்டு ஜனவரியில் மறைந்துவிட்டார். இப்பணி அதற்கு முன்பே கியோர்கி பபாக்கின் தலைமையிலான லாவச்கின் நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது.

1967 அக்டோபர் 18 அன்று வெனேரா 4 மேகங்களினூடே இறங்கியது. கடலில் விழ நேர்ந்தால் என் செய்வது என்று கருதி, அதில் சர்க்கரையால் ஆன ஒரு தாழ்ப்பாளையும் அமைத்திருந்தனராம்! தண்ணீர் பட்டதும் அது கரைந்து வானலைக் கம்பியை விடுவிக்கும். வெள்ளியைப் பற்றி அந்நாளில் எவ்வளவு குறைவாகத் தெரிந்திருந்தது என்பதற்கு இந்தச் சர்க்கரைத் துண்டே சான்று. ஒன்றரை மணி நேரம் செய்தி அனுப்பிய அக்கலம் தரையைத் தொட்டதாகவே முதலில் அறிவித்தனர். மறுநாள் வெள்ளியைக் கடந்து சென்ற அமெரிக்காவின் மாரினர் 5 தந்த அளவுகள் அதனுடன் ஒத்துவரவில்லை. உண்மையில் தரைக்கு 20 கிலோமீட்டருக்கும் அதிகமான உயரத்திலேயே அது மௌனமாகிவிட்டது. 1969இல் சென்ற வெனேரா 5, 6 ஆகியவையும் தரையை எட்டுமுன்னரே நொறுங்கின.

தாங்கள் எண்ணியதைவிட அங்கே காற்று பன்மடங்கு அடர்ந்தது என்பதைப் பொறியாளர்கள் ஒப்புக்கொண்டனர். 180 மடங்கு காற்றழுத்தத்தைத் தாங்கும் டைட்டானியக் கோளமாக வெனேரா 7 பிறந்தது. 1970 டிசம்பர் 15 அன்று இறங்குகையில் அதன் பாராசூட் கெட்டது. நொடிக்கு ஏறத்தாழ 17 மீட்டர் வேகத்தில் அது தரையில் மோதியது, சமிக்ஞையும் நின்றது. எல்லாம் முடிந்தது என்றே நினைத்தனர். சில வாரங்கள் சென்றபின், பதிவு நாடாக்களை மறுபடியும் ஆராய்ந்தபோது, வெற்று இரைச்சலுக்கிடையே மிக மெல்லிய ஒரு குரல் தென்பட்டது. முன்னிருந்த வலிமையில் நூற்றில் ஒரு பங்கே இருந்த அச்சமிக்ஞை 23 நிமிடங்கள் நீடித்திருந்தது! கலம் சாய்ந்து கிடந்தபடியே பேசியிருக்கிறது. வேறொரு கோளின் தரையிலிருந்து மனிதனுக்குக் கிடைத்த முதற்செய்தி அது. கலத்தை அனுப்பியதைவிட, கைவிட்ட நாடாவை மீண்டும் எடுத்துப் பார்த்த பொறுமையே எனக்குப் பெரிதாகப் படுகிறது.

உள்ளிருந்த மாற்றுவிசை ஒன்று சிக்கிக்கொண்டதால் வெப்ப அளவு மட்டுமே வந்தது. ஈயம் உருக 327 டிகிரி போதும். அங்கேயோ ஏறத்தாழ 475 டிகிரி செல்சியஸ். அதைக் கொண்டு கணக்கிட்டபோது, காற்றழுத்தம் பூமியில் உள்ளதைப் போல் சுமார் 90 மடங்கு என்று தெரிந்தது. நம் கடலில் 900 மீட்டர் ஆழத்தில் மூழ்கினால் உடலை அழுத்தும் பாரம் அவ்வளவு இருக்கும்.

இத்தகைய உலையில் எந்தக் கருவியும் நெடுநேரம் பிழைக்காது என்பதை அறிந்தே அடுத்தடுத்த கலங்களைச் செய்தனர். இறங்குமுன் உட்புறத்தைக் குளிர வைத்து, வெப்பம் மெல்ல உட்புகும்வரை கிடைக்கும் அவகாசத்தில் வேலையை முடிப்பதே வழி. தெர்மாஸ் குடுவையில் பனிக்கட்டி கரையாதிருக்கும் நேரம் எவ்வளவோ, அவ்வளவே ஆயுள்.

1975 அக்டோபர் 22 அன்று வெனேரா 9 அங்கிருந்து முதல் படத்தை அனுப்பியது. கூரிய விளிம்புடைய பாறைகள் சிதறிக் கிடந்தன. மங்கல் இருளை எதிர்பார்த்தவர்களுக்கு, மேகமூட்டமான பகல்போன்ற வெளிச்சம் வியப்பளித்தது. ஆயினும் இரு காமிராக்களில் ஒன்றன் மூடி கழலாததால் பாதிக் காட்சியே கிட்டியது. 1978இல் சென்ற வெனேரா 11, 12 இரண்டிலும் மூடிகள் கழலவே இல்லை. ஒரு படமும் வரவில்லை. 1982இல் வெனேரா 14இன் மூடி நன்றாகவே கழன்றது. ஆனால், தரையின் உறுதியை அளக்க நீண்ட கரம் இறங்க வேண்டிய இடத்திலேயே போய் விழுந்தது! கோடிக்கணக்கான கிலோமீட்டர் கடந்து சென்ற கரம், தன் காமிராவின் மூடியையே அழுத்திப் பார்த்தது. அடுக்களையில் டப்பா மூடியோடு போராடும் சகோதரிகள் சிரிப்பீர்கள்; மாஸ்கோவில் சிரித்திருக்க மாட்டார்கள்.

அதற்குச் சில நாட்கள் முன்பு, மார்ச் 1 அன்று இறங்கிய வெனேரா 13 அந்தக் குறையைத் தீர்த்திருந்தது. 32 நிமிடங்களுக்கென்று செய்யப்பட்ட அது 127 நிமிடங்கள் உழைத்தது. வண்ணப் படங்களை அனுப்பியது. தரையைத் துளைத்து மண்ணை ஆராய்ந்தது. எரிமலைக் குழம்பு இறுகி உருவாகும் பசால்ட் பாறையை ஒத்திருந்தது அது. 1985இல் வேகா கலங்கள் இறங்கியபின் அத்தரையில் வேறெதுவும் மெதுவாக இறங்கியதில்லை.

ஒன்று திரும்பி வந்தது. 1972 மார்ச் இறுதியில், வெனேரா 8இன் இணையாக ஏவப்பட்ட கலம் பூமியின் சுற்றுப்பாதையை விட்டு அகல இயலாமல் சிக்கிக்கொண்டது. அதற்குக் காஸ்மாஸ் 482 என்று பெயரிட்டனர். வெள்ளியின் அழுத்தத்துக்கெனச் செய்யப்பட்ட அதன் டைட்டானியக் கோளம், 53 ஆண்டுகள் நம் தலைக்கு மேலே சுற்றிவிட்டு, 2025 மே 10 அன்று இந்தியப் பெருங்கடலில் விழுந்ததாக ரஷ்ய விண்வெளி நிறுவனம் அறிவித்தது.