கேட்டவளும் கேட்காதவனும்

பெண்களுக்குச் சம்பளம் பேசத் தெரியாது என்று சொல்கிறவர்களை ஒருநாள் வடசேரி சந்தைக்குக் கூட்டிப் போக வேண்டும். அங்கே ஏத்தங்காய்க்கு விலை பேசுகிற பெண்களைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அதையே திரும்பச் சொல்லட்டும்.

நான் ஆண் நர்ஸ். நாகர்கோவிலில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் என்னோடு படித்த பெண்ணும் நானும் ஒரே நாளில் சேர்ந்தோம். ஒரே பி.எஸ்சி. நர்சிங், ஒரே ஐசியூ, ஒரே நைட் டூட்டி. சம்பளத்தைக் கூட்டிக் கேட்டது அவள். நான் வாயே திறக்கவில்லை. ஆனால் எனக்குத்தான் இரண்டாயிரம் கூடுதல். அவளுக்குக் கிடைத்தது ஒரு பதில்: “உனக்கென்ன மக்களே, நாளைக்குக் கெட்டிக்கிட்டுப் போயிருவ. அவன் ஆம்பிள, குடும்பம் பாக்கணும்லா.”

அவள் வீட்டில் அப்பா இல்லை. படிப்புக் கடனை அவள்தான் அடைத்துக்கொண்டிருந்தாள். என் அப்பா அப்போது வேலையில் இருந்தார்.

‘கேட்கத் தெரியவில்லை’ என்பது முதலாளிகளுக்குச் சௌகரியமான பொய். குறையக் கொடுத்தவனை விட்டுவிட்டு, வாங்கியவளைத் தன்னம்பிக்கை வகுப்புக்கு அனுப்புகிற பொய். 2017 நவம்பரில் சென்னை டிஎம்எஸ் வளாகத்தில் ஒப்பந்தச் செவிலியர்கள் போராட உட்கார்ந்தார்களே, மாசம் 7,700 ரூபாய்க்கு வேலை பார்த்தவர்கள், பெரும்பாலும் பெண்கள். அவர்களா கேட்கத் தெரியாதவர்கள்?

சம வேலைக்குச் சம ஊதியம் என்று 1976லேயே சட்டம் வந்துவிட்டது. உச்ச நீதிமன்றம் சொல்லி அமைந்த குழு, 50 படுக்கைக்கும் குறைவான தனியார் ஆஸ்பத்திரிகூட நர்ஸுக்கு 20,000 ரூபாய்க்குக் குறையாமல் கொடுக்க வேண்டும் என்று 2016ல் பரிந்துரைத்தது. கேரளத்து நர்ஸுகள் சங்கம் வைத்துப் போராடினார்கள். 2018ல் அங்கே 20,000 குறைந்தபட்ச ஊதியமாக அறிவிக்கப்பட்டது. நமக்கும் அவர்களுக்கும் நடுவே இருப்பது களியக்காவிளை சோதனைச்சாவடி மட்டும்தான். 1956 வரை நாமும் அந்தப் பக்கம்தான் இருந்தோம். அந்தப் பக்கத்துப் பெண்ணுக்கு நாக்கு நீளம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அவளுக்குப் பின்னால் சங்கம் இருந்தது, அரசு எழுதிவைத்த ஒரு தொகை இருந்தது.

தனி அறையில், மூடிய கதவுக்குப் பின்னால் சம்பளம் பேசுகிறவரை பெண் கேட்டால் திமிர், ஆண் சும்மா இருந்தாலும் பொறுப்பு. அதனால் எந்த வேலைக்கு எவ்வளவு என்று நோட்டீஸ் போர்டில் ஒட்டச் சொல்வோம். அதுவரை, பிரதர்களே, உங்கள் பே ஸ்லிப்பைப் பக்கத்தில் நிற்கிற சிஸ்டரிடம் காட்டுங்கள்.

நான் காட்ட ஆறு மாசம் ஆனது. அவள் பார்த்துவிட்டு மடித்துத் திருப்பித் தந்தாள்.

“இத அன்னிக்கே காட்டிருக்கலாம்லா” என்றாள்.