கோயிலுக்குப் பின்னால புகை மூலை எதுக்கு?

"தடை போட்டா மட்டும் எவன் நிறுத்தப் போறான்?" இதைக் கேட்டுக் கேட்டு எங்களுக்குக் காது புளிச்சுப் போச்சு.

2019 ஜனவரி 1 முதல் மலேசிய உணவகங்களில் புகைபிடிக்கத் தடை. பிடிக்கணும்னா 3 மீட்டர் தள்ளிப் போகணும். ஒரு தே தாரேக்குக்கு மூணு சிகரெட் ஊதினவர், இப்போ எழுந்து, ரோட்டோரம் போய், வெயில்ல நின்னு ஒண்ணு பிடிக்கிறார். அடுத்ததுக்கு எழுந்திருக்கச் சோம்பல். அந்தச் சோம்பல்லதான் தடை வேலை செய்யுது. பழக்கம் முழுசா போயிடாது. கை தானா பெட்டிக்குப் போறது குறையும்.

வழிபாட்டுத் தலமும் தடைப் பட்டியல்ல இருக்கு. ஆனா நம்ம அன்னதானக் கூடத்துக்குப் பின்னால? நிழல், நாற்காலி, சாம்பல் தட்ட பழைய மைலோ டின். இவ்வளவு வசதி செஞ்சு குடுத்தா எவனுக்குச் சோம்பல் வரும்? காவடிக்கு மாலை போட்ட தம்பிகளும் அங்கதான். விடியற்காலை துண்டு பொறுக்குறது தொண்டூழியர்கள் நாங்க.

"முனீஸ்வரருக்கே சுருட்டு படைக்கிறோமே"ன்னு ஒரு அண்ணன் கேட்டார். அது சாமிக்குண்ணே. உங்க கையில இருக்கிற வேப் யாருக்குப் படையல்?

நிர்வாகத்தினரே, தைப்பூசத்துக்கு முன்னாடி அந்த நாற்காலிகளை எடுத்துடுங்க. தூக்கிப் போட நாங்க வர்றோம்.