எட்டாம் இடம் யாருடையது?

என் ஜாதகத்தில் லக்னத்துக்கு எட்டாம் இடத்தில் செவ்வாய். நட்சத்திரம் மூலம். இதைப் படித்ததுமே உங்களில் பலருக்கு என் இருபதுகள் எப்படிப் போயிருக்கும் என்று புரிந்திருக்கும். புரியாதவர்கள் கொடுத்து வைத்தவர்கள்.

எனக்கு இருபது வயதானபோது ஜாதகத்தை நகலெடுத்து, மூலைகளில் மஞ்சள் தடவி, அப்பா வெளியே கொடுக்க ஆரம்பித்தார். இருபத்தொன்பது வயதுவரை அது வீடு வீடாகப் போய்த் திரும்பி வந்தது. நான் என்ன படித்தேன், என்ன வேலை பார்க்கிறேன் என்ற பேச்சுக்கே யாரும் வரவில்லை. ஒருநாள் தரகர் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு சொன்னார்: "மூலம் மாமனாருக்கு ஆகாதுங்க. மாமனார் இல்லாத இடமாப் பார்த்துடுவோம்." அப்பா சரி என்றார். அம்மா நிலைப்படியில் நின்று தலையாட்டினார். எங்கோ ஒரு மனிதர் செத்துப்போயிருப்பது எங்கள் வீட்டுக்கு நல்ல சேதியாக இருந்தது. யாருக்கும் கூச்சமில்லை. நானும் காபி கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அப்படித்தான் தகப்பன் இல்லாத, ஏழில் செவ்வாய் உள்ள ஒருவருக்கு வாழ்க்கைப்பட்டேன். அவர் நல்லவர். ஆனால் நான் பேச வந்தது அதைப் பற்றி அல்ல.

முதலில் இந்தச் செவ்வாய்க் கணக்கைப் பார்ப்போம். லக்னத்திலிருந்து 2, 4, 7, 8, 12 ஆகிய இடங்களில் செவ்வாய் இருந்தால் தோஷம் என்பது நம் பக்கத்து வழக்கம். வடக்கே இரண்டாம் இடத்துக்குப் பதிலாக லக்னத்தையே சேர்ப்பவர்கள் உண்டு. அதாவது ரயில் ஏறினால் சிலருக்குத் தோஷம் போய்விடும், சிலருக்கு வந்துவிடும். செவ்வாய் ஒரு ராசியில் பல வாரங்கள் தங்கும். லக்னமோ ஏறக்குறைய இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மாறி, ஒரே நாளில் பன்னிரண்டு ராசியையும் சுற்றிவிடும். பன்னிரண்டில் ஐந்து இடம் தோஷம் என்றால் 24 மணி நேரத்தில் சுமார் 10 மணி நேரம் தோஷ நேரம். எந்த ஊர்ப் பிரசவ வார்டிலும், எந்த நாளிலும், பத்து மணி நேரம் பிறக்கிற அத்தனை குழந்தைக்கும் செவ்வாய் தோஷம்! சந்திரனிலிருந்தும் சுக்கிரனிலிருந்தும் எண்ண வேண்டும் என்பவர்களின் பேச்சைக் கேட்டால், ஏறக்குறைய ஐந்தில் நான்கு பேர் ஏதாவது ஒரு வழியில் மாட்டிக்கொள்வார்கள்.

இது அவர்களுக்கும் தெரியும். அதனால்தான் விதிவிலக்குகள். மேஷத்திலும் விருச்சிகத்திலும் செவ்வாய் ஆட்சி, மகரத்தில் உச்சம், அங்கே தோஷமில்லை. கடக, சிம்ம லக்னத்துக்குத் தோஷமில்லை. குரு பார்த்தால் நிவர்த்தி. இவ்வளவு கதவுகள் உள்ள வீட்டில் யாரை உள்ளே விடுவது, யாரை வெளியே நிறுத்துவது என்று யார் முடிவு செய்கிறார்கள்? பிள்ளை வீட்டாருக்குப் பெண்ணையும் சீரையும் பிடித்துவிட்டால் குரு பார்த்துவிடுவார். பிடிக்காவிட்டால் பார்க்கமாட்டார். நிறம் போதவில்லை, நகை போதவில்லை, பெண் அதிகம் படித்துவிட்டாள் என்று வாய்விட்டுச் சொல்ல முடியாத எல்லாவற்றுக்கும் நம் ஊரில் ஒரே வாக்கியம்தான்: "ஜாதகம் பொருந்தலை."

"ஆண்களுக்கும்தானே செவ்வாய் தோஷம் இருக்கிறது?" என்று கேட்பார்கள். இருக்கிறது. நட்சத்திரங்களுக்கு வாருங்கள். மூலம் மாமனாருக்கு ஆகாது. ஆயில்யம் மாமியாருக்கு ஆகாது. கேட்டை மூத்த மைத்துனருக்கு ஆகாது. விசாகம் இளைய மைத்துனருக்கு ஆகாது. நான்கும் மணப்பெண்ணின் நட்சத்திரங்கள். நான்கிலும் ஆபத்து புகுந்த வீட்டாருக்கு. தன் பெண்ணுக்குப் பார்த்த மாப்பிள்ளை மூலம் என்பதால் உயிருக்குப் பயந்து பின்வாங்கிய பெண்ணின் தகப்பனை நீங்கள் கண்டதுண்டா? 'ஆண் மூலம் அரசாளும், பெண் மூலம் நிர்மூலம்' என்ற பழமொழி திரிந்துவிட்டது, அது 'ஆனி மூலம்' என்று சிலர் சமாதானம் சொல்கிறார்கள். அப்படியே இருக்கட்டும். மற்ற மூன்று நட்சத்திரங்களுக்கு எந்த மாதத்தைக் கொண்டுவருவார்கள்?

எட்டாம் இடத்துக்கு வருகிறேன். ஆணின் ஜாதகத்தில் அது ஆயுள் ஸ்தானம், அவனுடைய ஆயுள். பெண்ணின் ஜாதகத்தில் அதே கட்டத்துக்கு இன்னொரு பெயர் உண்டு: மாங்கல்ய ஸ்தானம். அங்கே கணவனின் ஆயுளைப் பார்க்கிறார்கள். கட்டம் ஒன்று, கிரகம் ஒன்று. அவன் ஜாதகத்தில் அவன் உயிர். அவள் ஜாதகத்திலும் அவன் உயிர். இந்த வித்தியாசத்தை வானம் போட்டிருக்க முடியாது. கூட்டுக் குடும்பத்தில் யார் யாருக்குப் பொறுப்பு, யார் மேல் பழி விழ வேண்டும் என்று வரைந்த படம் இது. அதற்குக் கிரகங்களின் பெயரை வைத்துவிட்டார்கள்.

என் மாமியாரின் கதையைச் சொன்னால் இது விளங்கும். அவருக்குப் பத்துப் பொருத்தத்தில் ஒன்பது பொருந்தியிருந்ததாம். தோஷமே இல்லாத ஜாதகம் என்று தேடி வந்து கட்டினார்களாம். ஆறாவது வருஷம் கணவர் மஞ்சள் காமாலையில் போனார். பதினாறாம் நாள் காரியம் முடிவதற்குள் அந்த ஜாதகத்தை மறுபடியும் பிரித்தார்கள். முன்பு யார் கண்ணிலும் படாத ஒரு குறை இப்போது பட்டது. "அன்னைக்கு ஒம்பது பொருத்தம்னு சொன்ன வாயே இன்னைக்கு நான்தான் முழுங்கினேன்னு சொல்லுச்சு" என்று அத்தை ஒருமுறை என்னிடம் சொன்னார்.

எங்கள் வீட்டிலும் ஒரு சாவு நடந்தது. சித்தி இரண்டாவது பிரசவத்தில் இறந்துபோனார். சித்தப்பாவின் ஜாதகத்தைப் பிரித்து யாரும் குற்றம் தேடவில்லை. வருஷம் திரும்புவதற்குள் அதைப் பிரித்தார்கள், அடுத்த பெண் தேடுவதற்கு.

இது வீட்டோடு நிற்கிற விஷயமும் அல்ல. 2023 மே மாதம், திருமணம் செய்வதாக ஏமாற்றிப் பாலியல் வல்லுறவு செய்ததாகக் குற்றம் சாட்டப்பட்ட ஒருவர், பெண்ணுக்குச் செவ்வாய் தோஷம் இருப்பதால் மணக்க முடியாது என்று ஜாமீன் வழக்கில் வாதாடினார். அலகாபாத் உயர் நீதிமன்றத்தின் லக்னோ அமர்வு, அந்தப் பெண்ணுக்குத் தோஷம் உண்டா என்று பார்த்துச் சொல்லுமாறு லக்னோ பல்கலைக்கழக ஜோதிடத் துறைத் தலைவருக்கு உத்தரவிட்டது. ஜூன் 3 அன்று உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து அதற்குத் தடை விதித்தது. தடை வந்தது நிம்மதிதான். ஆனால் வல்லுறவுப் புகார் கொடுத்த பெண்ணின் ஜாதகம் நீதிமன்றக் கேள்வியாக முடிந்தது என்றால், நம் திண்ணைப் பேச்சு எவ்வளவு தூரம் நடந்திருக்கிறது என்று பாருங்கள்.

ஜாதகமும் புரோகிதரும் இல்லாத சுயமரியாதைத் திருமணத்துக்கு 1967ஆம் ஆண்டின் திருத்தத்தால் சட்ட ஏற்பு தந்த மாநிலம் இது. அந்தப் பெருமையை மேடையில் பேசிவிட்டு, வீட்டுக்கு வந்து "பெண் என்ன நட்சத்திரம்?" என்று கேட்கும் தோழர்களை நான் அறிவேன். "எனக்கு நம்பிக்கை இல்லை, அம்மாவுக்காக" என்பார்கள். நம்பாமல் கேட்பவர்தான் எனக்கு அதிகக் கோபம் தருகிறார். நம்புகிறவருக்குப் பயமாவது இருக்கிறது. இவருக்கு என்ன இருக்கிறது?

என் மகளுக்கு இருபத்து நான்கு வயது. அவளுக்கு ஜாதகம் எழுதவில்லை. பிறந்த நேரம் கேட்பவர்களிடம், "குறித்து வைக்கவில்லை" என்று சொன்னார் என் அத்தை. அவர்தான் பிரசவ அறை வாசலில் நின்றவர். கையில் கடிகாரம் கட்டியிருந்தார். அந்த நேரத்தை இன்றுவரை அவர் என்னிடம்கூடச் சொல்லவில்லை.

எல்லா வீட்டிலும் இப்படி ஒரு அத்தை இருக்கமாட்டார். பெண்ணைப் பெற்றவர்களிடம் ஜாதகம் கொடுக்காதீர்கள் என்று சொல்வதும் நியாயமில்லை. கொடுக்காவிட்டால் வாசலோடு திருப்பி அனுப்பப்படுபவர்கள் அவர்கள். நான் கேட்பது பிள்ளையைப் பெற்றவர்களை, பிள்ளைகளையும். கேட்காதீர்கள். அடுத்த வரன் வரும்போது அந்த மஞ்சள் தடவிய தாளைப் பிரிக்காமல் திருப்பிக் கொடுங்கள். பெண் வேண்டாம் என்றால் ஏன் வேண்டாம் என்று உங்கள் வாயால் சொல்லுங்கள். பாவம், அந்தச் செவ்வாய்க்கு உங்கள் வீட்டு விவகாரம் எதுவும் தெரியாது.