சுண்டைக்காயும் சுமைகூலியும்

பழைய வண்டியை விற்றுவிடுவது என்று தீர்மானித்த மறுநிமிஷமே, மனிதனுக்கு அதன் மேல் புதிய பாசம் பிறந்துவிடுகிறது. மூன்று வருஷமாகத் துடைக்காத வண்டியைத் துடைக்கிறார். "எஞ்சினைப் பிரித்து வேலை பார்த்து, ஒரு பெயிண்டும் அடித்துவிட்டால் விலை ஏறுமே!" என்று ஆசைப்படுகிறார். மெக்கானிக்கா வேண்டாம் என்பார்?

சற்றுப் பொறுங்கள். ஒரு பேச்சுக்கு, எஞ்சினுக்கு 30,000 ரூபாய் செலவு செய்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வாங்க வருகிறவர் 10,000 கூட்டிக் கொடுத்தாலே உங்கள் அதிர்ஷ்டம். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்!

அவரைக் குற்றம் சொல்லியும் பயனில்லை. எஞ்சினுக்குள்ளே நடந்த வேலை அவர் கண்ணுக்குத் தெரியாது. உங்கள் வார்த்தையைத்தான் நம்ப வேண்டும். இந்த நம்பிக்கைச் சிக்கலை ஜார்ஜ் ஆகர்லாஃப் என்ற அமெரிக்கப் பொருளாதார நிபுணர் 1970-ல் ஒரு கட்டுரையில் ஆராய்ந்தார். நாம் புது வண்டிச் சக்கரத்தின் கீழே எலுமிச்சம்பழத்தை வைத்து நசுக்குகிறோம். அவருடைய நாட்டிலோ மட்டமான வண்டிக்கே எலுமிச்சம்பழம் என்று பெயர். எது நல்லது, எது எலுமிச்சை என்று தெரியாதபோது, வாங்குகிறவர் எல்லா வண்டிக்கும் விலையைக் குறைத்தே கேட்பார் என்று அவர் காட்டினார். 2001-ல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது.

ஆகவே, செலவு செய்யுமுன் ஒரே ஒரு கேள்வி: 'வாங்குகிறவர் இதைத் தாமே பார்த்துத் தெரிந்துகொள்ள முடியுமா?' எரியாத விளக்கு, ஒலிக்காத ஹாரன், உயிர் போன பாட்டரி, ஏறி இறங்காத கதவுக் கண்ணாடி - இவற்றைச் சரிசெய்யுங்கள்; சிறு செலவு, கைமேல் பலன். எஞ்சின், கியர் போன்ற பெரிய வேலையானால் மெக்கானிக்கிடம் உத்தேசச் செலவை எழுதி வாங்கி, சீட்டைக் காட்டி, விலையைக் குறைத்துக் கொடுத்துவிடுங்கள். தமக்குப் பழக்கமான பட்டறையில் அவரே பார்த்துக்கொள்வார்.

பிரேக், ஸ்டீரிங், டயர் ஆகியவற்றுக்கு மாத்திரம் இந்த லாப நஷ்டக் கணக்கு செல்லாது. போட்ட பணம் திரும்பாவிட்டாலும் சரி, செய்தே தீர வேண்டும். வண்டியை வாங்கியவர் பெண்டாட்டி பிள்ளைகளை ஏற்றிக்கொண்டுதான் வீட்டுக்குப் போவார்.

கடலோர ஊர்களில் இன்னொரு தொல்லை உண்டு. புதுச்சேரிக்கு வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டியிருக்கும் பொம்மையார்பாளையத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இன்னும் வடக்கே போனால் மரக்காணம் உப்பளங்கள். உப்புக்காற்று உணவுக்குச் சுவை சேர்க்கலாம். இரும்புக்கு அது எமன். தண்ணீரும் காற்றும் பட்டாலே இரும்பு துருப்பிடிக்கும். உப்பு சேர்ந்துவிட்டால் ஈரம் காயாது, துருவும் விரைந்து பரவும். கதவின் அடிவிளிம்பு, சக்கரத்துக்கு மேல் வளைவு, காலடி விரிப்பின் கீழுள்ள தகடு என்று மறைவான இடங்களாகப் பார்த்துத்தான் அது குடியேறும்.

இங்கேதான் சபலம் தட்டும். துருவின் மேல் பட்டி வைத்துத் தேய்த்துப் பெயிண்ட் அடித்தால் வண்டி மாப்பிள்ளை மாதிரி நிற்கும். ஆனால் உள்ளே அரிப்பு நிற்காது. சில மாதங்களில் பெயிண்ட் கொப்பளித்து உண்மையைச் சொல்லிவிடும். பூசி மெழுகுவது என்பது இதுதான். அடிச்சட்டமே இற்றுப்போயிருந்தால், சாலையில் ஓட்டுவதற்கென்று எவருக்கும் விற்காதீர்கள். 2021-ல் மத்திய அரசு வகுத்த விதிகளின்படி பதிவு பெற்ற உடைப்பு நிலையத்தில் ஒப்படைத்துச் சான்றிதழ் வாங்கிக்கொள்ளுங்கள்.

கடைசியாக, ஸ்பானர் வேண்டாத ஒரு பழுதுபார்ப்பு: காகிதங்கள். கடன் தீர்ந்திருந்தால் ஆர்.சி.யில் அந்தக் குறிப்பை நீக்குங்கள். கட்டாத அபராதத்தைக் கட்டுங்கள். புதுச்சேரியில் பதிவான வண்டியைத் தமிழ்நாட்டுக்காரர் பெயருக்கு மாற்ற, தடையின்மைச் சான்று வேண்டும். ஒரே மாநிலத்துக்குள் விற்றால் 14 நாளுக்குள்ளும், வெளி மாநிலத்துக்கு விற்றால் 45 நாளுக்குள்ளும் விற்றவர் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டம். பணம் கைக்கு வந்ததும் இதை மறந்துவிடுகிறவர்கள் உண்டு. வண்டி கை மாறியும் பதிவு மாறாவிட்டால், விபத்து நஷ்டஈட்டுக்குப் பதிவில் உள்ளவரே பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. ஓட்டியவர் யாரோ, கட்டுவது நீங்கள்!

சின்ன ஊரில் உங்கள் வண்டியை வாங்குகிறவர் அநேகமாக அடுத்த தெருக்காரராகத்தான் இருப்பார். நாளைக்கு மளிகைக் கடையில் அவரைப் பார்த்ததும் நீங்கள் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டியிராத விலை எதுவோ, அதுவே நல்ல விலை.