2500 ரூபாய்க்கு இவ்வளவுதான் கிடைக்குமா?



விடைத்தாள் திருத்தும் பணிக்காக வெளியூர் போன எங்கள் ஆசிரியைகள் மூவர் அங்கே ஒரு லொட்ஜில் தங்கினார்கள். அறைக் கதவுக்கு உட்கொண்டி இல்லை. மேசையை இழுத்துக் கதவோடு அணைத்து வைத்துவிட்டு, ஒருவர் மாறி ஒருவர் விழித்திருந்தார்கள். சுபஹுக்கு வுழூ எடுக்கக் குழாயைத் திறந்தால் காற்றுத்தான் வந்தது. காலையில் முறையிட்டபோது முகாமையாளர் சொன்ன பதில் இது: "2500 ரூபாய்க்கு இவ்வளவுதான் டீச்சர். வேணுமெண்டா பெரிய ஹோட்டலுக்குப் போங்கோ."

எந்த ஊர், எந்த லொட்ஜ் என்று இங்கே எழுதப் போவதில்லை. இந்தப் பதிலை நாங்கள் பல ஊர்களில் கேட்டிருக்கிறோம். அதைவிட வெட்கம், கேட்டுவிட்டு நாங்களும் "ஒரு ராத்திரிதானே" என்று தலையாட்டிக்கொண்டு வந்திருக்கிறோம்.

எங்கள் பக்கத்தில் ஹோட்டல் என்றால் முதலில் நினைவுக்கு வருவது சாப்பாட்டுக் கடைதான். அங்கிருந்தே யோசிப்போம். மலிவுச் சாப்பாடு என்றால் கோழி இருக்காது. பருப்பு, ஒரு மரக்கறி, சம்பல், அவ்வளவுதான். யாரும் சண்டை பிடிப்பதில்லை. ஆனால் சோறு புளித்திருந்தால்? "விலை குறைவு, அதனால் பழஞ்சோறு" என்று கடைக்காரர் சொன்னால் விடுவோமா? விலை குறைந்தால் கறிகளின் எண்ணிக்கை குறையலாம். சோறு கெட்டுப்போகக் கூடாது. தங்கும் அறைக்கும் இதே கணக்குத்தான்.

ஏசி வேண்டாம். டிவி வேண்டாம். சுடுதண்ணீர், வைஃபை, காலைச் சாப்பாடு எதுவும் வேண்டாம். அறை சிறிதாக இருக்கட்டும். சுவரில் வண்ணம் மங்கியிருக்கட்டும். ஆனால் ஐந்து விடயங்களில் விலையைக் காட்டிக் கழிக்க முடியாது:

1. இரவும் விடியற்காலையும் தண்ணீர். குழாயில் வராவிட்டால் வாளியில் நிரப்பி வைத்த தண்ணீர்.

2. முந்தைய ஆளுக்குப் பிறகு துவைத்துக் காயவைத்த விரிப்பும் தலையணை உறையும். மூட்டைப்பூச்சி இல்லாத மெத்தை. ஓட்டையில்லாத நுளம்பு வலை.

3. உள்ளே இருந்து பூட்டக்கூடிய கதவு. குளியலறைக்கும் சேர்த்துத்தான்.

4. வாசலில் சொன்ன விலையே விடியும்போதும் விலை. அதற்குப் பற்றுச்சீட்டு.

5. அடையாள அட்டையில் பெயரை வாசித்த பிறகு நிறைந்துபோகாத அறை.

ஐந்தாவதை ஏன் எழுதினோம் என்று சிலருக்கு உடனே விளங்கும். 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு வந்த மாதங்களில், தொலைபேசியில் "இருக்கு, வாங்கோ" என்ற அறை, எங்கள் பெயரைக் கேட்டதும் இல்லாமல் போன அனுபவம் எங்களுக்கு உண்டு. இதை ஒரு சமூகத்தின் மீது குற்றமாகச் சொல்லவில்லை. எங்கள் ஆட்கள் நடத்தும் விடுதிகளிலும் பெயரையும் ஊரையும் பார்த்து முகம் மாறுவதைக் கண்டிருக்கிறோம். யார் செய்தாலும் அது ஒன்றுதான்.

"இவ்வளவு பார்ப்பவர்கள் ஏன் மலிவு அறைக்கு வருகிறீர்கள்?" என்று கேட்பீர்கள். மலிவு அறைக்கு யார் வருகிறார்கள் என்று ஒருமுறை பாருங்கள். வார்ட்டில் நோயாளியை விட்டுவிட்டு வந்த மகள். நேர்முகப் பரீட்சைக்கு முதல் நாளே வந்திறங்கிய பிள்ளை. கடவுச்சீட்டு அலுவலாகக் கொழும்புக்குப் போகும் இளைஞன். காணாமல் ஆக்கப்பட்ட மகனைத் தேடி அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கும் தாய். அக்கராயனுக்குப் போகும் கடைசி பஸ்ஸைத் தவறவிட்டுக் கிளிநொச்சியில் நிற்கும் எங்களைப் போன்ற வெளியூர் ஆசிரியர்கள். இவர்களில் ஒருவரும் உல்லாசப் பயணி இல்லை. பெரிய ஹோட்டலுக்குப் போகக் காசிருந்தால் போயிருப்பார்கள். இல்லாதவரைப் பார்த்து "அங்கே போ" என்பது பதிலே இல்லை.

"கொஞ்சம் சமாளியுங்கள்" என்பார்கள். சமாளிப்பதை எங்களுக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. எங்களில் சிலர் 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு, புத்தளத்தில் கிடுகுக் கொட்டில்களில் வளர்ந்தவர்கள். எங்களிடம் படிக்கும் பிள்ளைகளின் தாய் தகப்பன்மார் 2009 இல் மெனிக் பாம் கூடாரங்களில் இருந்தவர்கள். ஆனால் அந்த முகாம்களுக்கும் உலகம் ஒரு குறைந்தபட்ச அளவு எழுதி வைத்திருந்தது. நிவாரண நிறுவனங்கள் கையில் வைத்திருந்த ஸ்பியர் கைநூலின்படி ஒருவருக்கு ஒரு நாளைக்கு 15 லீற்றர் தண்ணீர், கூரைக்குக் கீழே 3.5 சதுர மீற்றர் இடம், 20 பேருக்கு ஒரு மலசலகூடம். அது எங்கள் சனத்துக்கு ஒழுங்காகக் கிடைக்கவில்லை என்பது வேறு வேதனை. ஆனால் அளவு என்று ஒன்று இருந்தது. அதைக் காட்டிக் கேள்வி கேட்க முடிந்தது. இலவசக் கூடாரத்துக்கே குறைந்தபட்சம் உண்டென்றால், காசு வாங்கிக்கொண்டு கொடுக்கும் அறைக்கு இல்லையா?

மலிவும் மரியாதையும் சேர்ந்து வராது என்பதும் பொய். 1979 இல் ஜப்பானின் ஒசாகாவில் முதல் கப்சூல் ஹோட்டல் திறந்தது. ஒரு ஆள் நீட்டிப் படுக்கும் அளவான பெட்டிதான் அறை. இடத்தைத்தான் குறைத்தார்கள், சுத்தத்தைக் குறைக்கவில்லை. அமெரிக்காவில் கெமன்ஸ் வில்சன் என்பவர் 1951 இல் பிள்ளை குட்டியோடு காரில் பயணம் போனபோது, மோசமான அறைகளையும் பிள்ளைகளுக்கென்று தனியாக வாங்கிய கட்டணத்தையும் கண்டு கோபப்பட்டார். அடுத்த வருடமே மெம்ஃபிஸ் நகரில் ஹொலிடே இன் விடுதியைத் தொடங்கினார். தாய் தகப்பனோடு தங்கும் பிள்ளைக்குக் காசில்லை என்பது அவர் வைத்த விதி. உலகம் முழுக்கப் பரவிய ஒரு தொழில் ஒரு தகப்பனின் முறைப்பாட்டிலிருந்துதான் தொடங்கியது.

அவ்வளவு தூரம் போவானேன்? பருத்தித்துறைத் தெருமூடிமடத்தைப் பாருங்கள். கந்தர்மடம், ஓட்டுமடம் என்று ஊர்ப் பெயர்களே இருக்கின்றன. வடக்கின் பழைய தெருக்களில் மடத்தோடு கேணி இருந்தது, தலைச்சுமை இறக்கச் சுமைதாங்கி இருந்தது, மாடு உடம்பைத் தேய்க்க ஆவுரஞ்சிக்கல்லும் இருந்தது. அந்தக் காலம் சாதி பார்த்த காலம் என்பதையும் மறக்கவில்லை. அந்தப் பழக்கத்தை விட்டுவிட்டுத் தண்ணீரை வைத்திருக்க வேண்டும். நாங்கள் தண்ணீரை விட்டுவிட்டோம். எங்கள் மார்க்கத்தில் ஸக்காத் பெறத் தகுதியான எட்டு வகையினரில் வழிப்போக்கரும் ஒருவர். முசாபிரின் துஆவைப் பற்றி மேடையில் பேசும் எங்கள் முதலாளிமார் தங்கள் விடுதியின் தலையணை உறையை ஒருமுறை முகர்ந்து பார்க்கட்டும்.

உரிமையாளர்களின் கஷ்டம் எங்களுக்குத் தெரியும். மின்கட்டணம் 2022 ஓகஸ்டில் சராசரியாக 75 சதவீதமும், 2023 பெப்ரவரியில் 66 சதவீதமும் கூடியது. கடனும் வட்டியும் கழுத்தை நெரித்தன. அதனால் ஏசியை நிறுத்துங்கள், விளக்கைக் குறையுங்கள், தேவையென்றால் வாடகையைக் கூட்டி அதை முன்கூட்டியே எழுதி ஒட்டுங்கள். ஆனால் கதவுக் கொண்டிக்கு மின்சாரம் தேவையில்லை. விரிப்புக் காய வன்னி வெயில் போதும், அதற்கு பில் வருவதில்லை.

சட்டமும் இல்லாமல் இல்லை. 2005 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சுற்றுலாச் சட்டம் பதிவுபெற்ற விடுதிகளைப் பார்த்துக்கொள்கிறது. அதற்குள் வராத சின்ன லொட்ஜுகளுக்கு 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டம் இருக்கிறது. அனுமதிப்பத்திரம் கொடுப்பதும் துணைவிதி ஆக்குவதும் சபையின் கையில். சாப்பாட்டுக் கடையின் குசினிக்குள் போகும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் லொட்ஜின் மெத்தையையும் ஒருமுறை தூக்கிப் பார்க்கட்டும். மேலே சொன்ன ஐந்தையும் அனுமதிப்பத்திரத்தின் நிபந்தனையாக்கி, வாசலில் மூன்று மொழியிலும் ஒட்ட வைக்கட்டும். இதற்குப் பெரிய நிதி ஒன்றும் வேண்டாம்.

எங்கள் பங்கும் இருக்கிறது. இனி எங்கள் பாடசாலையிலிருந்து கடமைக்குப் போகும் எவரும் காசு கொடுக்க முதல் அறையைப் பார்ப்போம். குழாயைத் திறப்போம், விரிப்பை விலக்குவோம், கொண்டியைப் போட்டுப் பார்ப்போம், விலையை எழுதித் தரச் சொல்வோம். சரியில்லையென்றால் சத்தம் போடாமல் திரும்புவோம். சொன்ன விலைக்கு மேல் கேட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு அழைப்போம். நன்றாக வைத்திருக்கும் சின்ன லொட்ஜுகளும் இருக்கின்றன. அவற்றின் பெயரை நாலு பேருக்குச் சொல்வதும் எங்கள் கடமைதான்.

அந்த மூன்று ஆசிரியைகளும் இரவு முழுக்க நித்திரையில்லாமல், காலையில் போய்ப் பிள்ளைகளின் விடைத்தாள்களைத் திருத்தினார்கள். உங்கள் பிள்ளையின் தாளும் அதற்குள் இருந்திருக்கலாம். அதை நினைத்துப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள், ஒரு ராத்திரிதானே என்று.