நோ-ஃப்ளை ஜோன் பூட்டை கழற்றிய டி.ஜே.ஐ.! இனி ட்ரோன் விழுந்தால் யார் பொறுப்பு?

2015 ஜனவரி 26. டெல்லி குடியரசு தின விழாவின் சிறப்பு விருந்தினர், அப்போதைய அமெரிக்க அதிபர் ஒபாமா. அவர் இங்கே இருந்த அதே நாளில், வாஷிங்டனில் அதிகாலை 3 மணியளவில் வெள்ளை மாளிகை வளாகத்தில் சுமார் 2 அடி அகல ட்ரோன் ஒன்று வந்து விழுந்தது. அது டி.ஜே.ஐ. நிறுவனத்தின் ஃபேன்டம். கடையில் யார் வேண்டுமானாலும் வாங்கக்கூடிய ரகம்.

தாக்குதல் முயற்சியா என்று பரபரப்பு கிளம்பியது. விசாரித்தால், அரசு ஊழியர் ஒருவர் நண்பரின் ட்ரோனை பக்கத்து அடுக்குமாடிக் குடியிருப்பில் இருந்து பொழுதுபோக்காகப் பறக்கவிட்டிருக்கிறார். மது அருந்தியிருந்ததாகவும் சொல்லப்பட்டது. கட்டுப்பாட்டை இழந்த ட்ரோன் எங்கே போச்சுன்னே தெரியாமல் தூங்கப் போய்விட்டார். காலையில் செய்தி பரவிய பிறகு அவரே அதிகாரிகளிடம் ஒப்புக்கொண்டார். குற்ற வழக்கு எதுவும் போடப்படவில்லை.

விழுந்தது ஒரே ஒரு ட்ரோன். ஆனால் அதன் பிறகு நிறைய மாறியது. சில நாட்களிலேயே வாஷிங்டனைச் சுற்றி சுமார் 25 கிலோமீட்டருக்குப் பறக்கவே முடியாதபடி டி.ஜே.ஐ. மென்பொருளை மாற்றியது. 2015 டிசம்பரில், 250 கிராமுக்கு மேற்பட்ட ட்ரோன்களைப் பதிவு செய்வதை அமெரிக்கா கட்டாயமாக்கியது.

ஜியோஃபென்ஸ் என்றால் என்ன?

ஜி.பி.எஸ். மூலம் ட்ரோன் தான் நிற்கும் இடத்தை அறிந்துகொள்கிறது. அது தடை செய்யப்பட்ட பகுதி என்றால் மோட்டாரே ஸ்டார்ட் ஆகாது. கத்துக்குட்டி கையில் ரிமோட் இருந்தாலும் விமான நிலையத்துக்குள் போக முடியாது. கண்ணுக்குத் தெரியாத காம்பவுண்டு சுவர் மாதிரி.

2025 ஜனவரி 13-ல் அமெரிக்காவில் இந்தப் பூட்டை டி.ஜே.ஐ. எடுத்துவிட்டது. இப்போது வருவது எச்சரிக்கை மட்டும்தான். பறப்பதா வேண்டாமா என்பதை ரிமோட் வைத்திருப்பவரே முடிவு செய்துகொள்ளலாம்.

இந்த அறிவிப்பு வந்த நேரம்தான் பலரை முகம் சுளிக்க வைத்தது. அதற்கு 4 நாட்கள் முன்பு, ஜனவரி 9-ல், லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதியின் பாலிசேட்ஸ் காட்டுத்தீயை அணைத்துக்கொண்டிருந்த கனடா விமானத்தின் இடது இறக்கையில் ஒரு ட்ரோன் மோதியது. சுமார் 3 அங்குலத்துக்கு 6 அங்குலம் ஓட்டை. தீ கொழுந்துவிட்டு எரியும்போது, தண்ணீர் ஊற்ற வேண்டிய விமானம் தரையில் நின்றது.

ட்ரோனை விட்டவர், சான்டா மோனிகாவில் வாகன நிறுத்தக் கட்டடத்தின் மேல்தளத்தில் இருந்து தீ பாதிப்பைப் பார்க்க அனுப்பியிருக்கிறார். குறைந்தது 2,500 மீட்டர் போன பிறகு ட்ரோன் அவர் பார்வையில் இருந்தே மறைந்துவிட்டது. ட்ரோனில் இருந்த ஜியோஃபென்ஸை நம்பினார், அது வேலை செய்யவில்லை என்பது அவரது வழக்கறிஞர்கள் தரப்பு வாதம். குற்றத்தை ஒப்புக்கொண்ட அவர் 65,000 டாலருக்கு மேல் இழப்பீடும், 150 மணி நேர சமூக சேவையும் ஏற்றார்.

இரண்டு சம்பவங்களிலும் ட்ரோன் எங்கே இருக்கிறது என்பதே ஓட்டியவருக்குத் தெரியவில்லை. புதிதாக ஓட்டுபவர்கள் சிக்குவது பெரும்பாலும் இங்கேதான். ட்ரோனின் முகம் நம்மைப் பார்த்துத் திரும்பிவிட்டால் இடது வலதாகிவிடும், வலது இடதாகிவிடும். பதற்றத்தில் ஸ்டிக்கைத் தப்பாகத் தள்ளினால் மரத்தில்தான் போய் நிற்கும். கீழே காற்றே இல்லாத மாதிரி இருக்கும், 300 அடியில் தள்ளிக்கொண்டு போகும். சிக்னல் போனால் தானாகத் திரும்பி வரும் வசதி இருக்கிறதே என்பார்கள். ஆனால் அது எந்த உயரத்தில் திரும்ப வேண்டும் என்று முன்பே செட் செய்திருக்க வேண்டும். அந்த உயரம் 30 மீட்டர், நடுவில் இருக்கும் கட்டடம் 45 மீட்டர் என்றால், தடையைக் கண்டு விலகும் சென்சார் இல்லாத ட்ரோன் நேராகச் சுவரில் மோதும். இதில் எதையும் ஜியோஃபென்ஸ் தடுக்காது. பூட்டு இருந்தால்கூட ஆபத்தான இடத்துக்குப் போகாமல் மட்டும்தான் தடுக்கும், ஓட்டத் தெரியாததைச் சரி செய்யாது. பூட்டை எடுக்கும் நிறுவனம், அந்த இடத்தில் பயிற்சியைக் கட்டாயமாக்கியிருந்தால் இவ்வளவு கேள்வி எழுந்திருக்காது.

இந்தியாவில் நிலைமை?

இங்கே 2021 ட்ரோன் விதிகள் நடைமுறையில் உள்ளன. 250 கிராம் வரையிலான நானோ ட்ரோனுக்கு பைலட் சான்றிதழ் தேவையில்லை. 2 கிலோ வரையிலான மைக்ரோ ட்ரோனை வணிக நோக்கம் இல்லாமல் ஓட்டினாலும் தேவையில்லை. அதாவது, பிறந்தநாளுக்குப் பரிசாக வந்த ட்ரோனை ஒரு மணி நேரப் பயிற்சிகூட இல்லாமல் பறக்கவிடலாம். கல்யாணத்தில் காசு வாங்கிக்கொண்டு மைக்ரோ ட்ரோனில் ஷூட் செய்தால் கதை வேறு, சான்றிதழ் வேண்டும்.

பச்சை மண்டலத்தில் 400 அடி வரை முன் அனுமதி தேவையில்லை. விமான நிலையச் சுற்றுச்சுவரில் இருந்து 8 முதல் 12 கிலோமீட்டர் தூரத்தில் இந்த வரம்பு 200 அடி. உங்கள் தெரு எந்த மண்டலம் என்பதை டிஜிட்டல் ஸ்கை தளத்தின் வரைபடத்தில் பார்க்கலாம். விதியை மீறினால் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். விபத்து நடந்தால் 48 மணி நேரத்துக்குள் அதே தளத்தில் தெரிவிக்க வேண்டும்.